லார்தெரெல்லோ
இத்தாலியின் டஸ்கனி பகுதியிலுள்ள சிற்றூர். புவிவெப்ப மின்சாரம் பிறந்த இடம். நிலத்தடிப் பாறைச் சூட்டில் கொதிக்கும் நீர் இங்கே ஈரம் கலவாத உலர் நீராவியாகவே மேலெழுகிறது. உலகில் அரிதாகக் கிடைக்கும் பேறு இது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த வெந்நீரைக் காய்ச்சிப் போரிக் அமிலம் எடுத்தார்கள். அத்தொழிலை வளர்த்த பிரான்சுவா தெ லார்தெரெல் பெயரே ஊருக்கும் நிலைத்தது. 1904 ஜூலை 4 அன்று இளவரசர் பியரோ ஜினோரி கோன்தி, நீராவி இயந்திரத்தோடு டைனமோவை இணைத்து ஐந்து பல்புகளை எரியவைத்தார். ஐந்தே பல்புகள்தான், ஆனால் புவிவெப்ப மின்துறை முழுவதற்கும் அதுவே தொடக்கம். 1913இல் 250 கிலோவாட் நிலையம் வந்தது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து குழாய்வழி வரும் நீராவி டர்பைனைச் சுழற்ற, டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றும். நிலக்கரியும் வேண்டாம், கொதிகலனும் வேண்டாம். நீராவி குளிர்ந்து நீரானதும் அதைத் திரும்ப நிலத்துக்குள் செலுத்துவது அழுத்தம் குறையாமல் காக்கும். 1944இல் இரண்டாம் உலகப் போரில் சிதைந்த நிலையங்கள் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டன. இன்றும் அங்கே மின்சாரம் உற்பத்தியாகிறது.