சுவீடனில் தந்தையரும் குழந்தை வளர்ப்பும்

சுவீடனில் ஒரு குழந்தை பிறந்தால் அதன் பெற்றோருக்கு 480 நாள் உதவித்தொகையுடன் விடுப்பு உண்டு. சட்டப்படி அதில் சரிபாதியான 240 நாள் தந்தைக்குரியது. அந்த 240-இல் 90 நாளைத் தாய்க்கு விட்டுக்கொடுக்க முடியாது. தந்தை எடுத்தால் உண்டு, எடுக்காவிட்டால் அந்த நாட்கள் குடும்பத்துக்கே இல்லாமல் போய்விடும். மகப்பேறு விடுப்பைப் பெற்றோர் விடுப்பாக மாற்றி, தந்தையையும் அதில் சம உரிமையோடு சேர்த்த முதல் நாடு சுவீடன். அது நடந்தது 1974-இல். ஆனால் உரிமை கிடைத்ததும் அப்பாக்கள் தொட்டிலருகே வந்துவிடவில்லை. அதற்கு இன்னும் இருபது ஆண்டுகளும் வேறு வகையான ஒரு சட்டமும் தேவைப்பட்டன.

பின்னணி

சுவீடனின் தொடக்ககாலச் சட்டங்கள் தாயை மட்டுமே பெற்றோராகக் கண்டன. பிள்ளை பெற்ற பெண் தொழிலாளி சில வாரங்கள் ஆலைக்கு வரக் கூடாது என்று 1900-இல் விதித்தார்கள். அந்த வாரங்களுக்குக் கூலி கிடையாது. 1955-இல் வேலைபார்க்கும் தாய்மாருக்கு மூன்று மாத ஊதிய விடுப்பு வந்தது. அப்போதும் தந்தையைப் பற்றிப் பேச்சில்லை.

பேச்சைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் எழுத்தாளர் ஈவா மூபெரி. பெண் வேலைக்குப் போகலாம், ஆனால் வீட்டையும் குழந்தையையும் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும் விடுதலை அரைகுறையானது என்று 1961-இல் அவர் எழுதிய கட்டுரை நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. தாய்க்கு வீடு, வேலை என்று இரண்டு பொறுப்பு இருக்குமானால் தந்தைக்கும் அதே இரண்டும் இருக்க வேண்டும் என்ற வாதம் அங்கிருந்து வலுப்பெற்றது. அந்தப் பத்தாண்டில் தொழிற்சாலைகளும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் ஆள் கிடைக்காமல் தவித்ததால், பெண்களை வேலைக்கு அழைப்பது அரசுக்கும் அவசியமாயிற்று. கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்து வரி விதிக்கும் முறை 1971-இல் கைவிடப்பட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரி வந்தது. இதற்கு ஓராண்டு முன்பு, பிரதமர் உலோஃப் பால்மே வாஷிங்டனில் பெண்கள் அமைப்பொன்றின் கூட்டத்தில் ஆண்களின் விடுதலை குறித்து உரையாற்றினார். சம்பாதிக்கும் கடமைக்குள் ஆணை அடைத்துவைத்தால் அவன் தன் பிள்ளைகளோடு கொள்ள வேண்டிய உறவை இழக்கிறான் என்பது அதன் சாரம். பதவியில் இருந்த ஒரு பிரதமர் அதை வெளிநாட்டில் நின்று சொன்னது அன்று சாதாரண விஷயமில்லை.

1974-ஆம் ஆண்டுச் சட்டம்

புதிய சட்டம் 180 நாள் விடுப்புக்கு வருமானத்தில் 90 விழுக்காட்டை ஈடாகத் தந்தது. அந்த நாட்களைத் தாயும் தந்தையும் தங்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது வீட்டில் இருப்பதற்கான தனி உதவித்தொகையும் அதே ஆண்டில் வந்தது.

அந்த முதலாண்டில் தந்தையர் எடுத்த பங்கு மொத்த நாட்களில் ஏறத்தாழ 0.5 விழுக்காடு. விருப்பம்போல் பிரித்துக்கொள்ளலாம் என்றால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வழக்கமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. தந்தையின் சம்பளம் பெரும்பாலும் கூடுதல் என்பதால், அவர் வீட்டில் இருந்தால் குடும்பத்துக்கு இழப்பு அதிகம். அவர் விடுப்புக் கேட்பதை மேலாளரும் சக தொழிலாளரும் விசித்திரமாகப் பார்த்தார்கள். பல தாய்மாரும் அந்த மாதங்களைத் தங்களுடையவை என்றே எண்ணியிருந்தார்கள்.

சமூகக் காப்பீட்டுத் துறை விளம்பரத்தில் இறங்கியது. 1970-களின் பிற்பகுதியில் வந்த சுவரொட்டி ஒன்று இன்றும் நினைக்கப்படுகிறது. அதில் இருந்தவர் 'ஹோவா-ஹோவா' என்ற செல்லப்பெயரால் அறியப்பட்ட பளுதூக்கும் வீரர் லென்னார்ட் டால்கிரேன். முறுக்கேறிய கைகளில் ஒரு பச்சிளங்குழந்தையை ஏந்தியபடி சிரித்துக்கொண்டிருப்பார். பிள்ளை தூக்குவதால் ஆண்மை குறைந்துவிடாது என்று ஊருக்குச் சொல்லும் படம் அது. படம் புகழ்பெற்றது. ஆனால் விடுப்புக் கணக்கு மெல்லத்தான் நகர்ந்தது. 1980-களில் விடுப்பு ஓராண்டுக்கும் மேலாக நீண்டபோது, கூடிய நாட்களில் பெரும்பகுதி தாய்மாரின் கணக்கிலேயே சேர்ந்தது.

தந்தையர் மாதம்

திருப்பத்தைக் கொண்டுவந்தவர் மக்கள் கட்சி என்ற தாராளவாதக் கட்சியின் தலைவர் பெங்ட் வெஸ்டர்பெரி. 1990-களின் தொடக்கத்தில் வலதுசாரிக் கூட்டணி அரசில் துணைப் பிரதமராகவும் சமூகநலத் துறை அமைச்சராகவும் இருந்த அவர், விடுப்பில் ஒரு மாதத்தை ஒவ்வொரு பெற்றோருக்கும் தனியாக ஒதுக்க வேண்டும் என்றார். குடும்ப விஷயத்தில் அரசு தலையிடுகிறது என்று எதிர்ப்பு வந்தது, கூட்டணிக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்தது. ஆயினும் சட்டம் நிறைவேறி, 1995 ஜனவரி 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு நடைமுறைக்கு வந்தது. மக்கள் அதைத் 'தந்தையர் மாதம்' என்றே அழைத்தார்கள்.

விளைவு உடனே தெரிந்தது. டிசம்பர் கடைசியில் பிறந்த பிள்ளைகளின் அப்பாக்களையும் ஜனவரி முதலில் பிறந்த பிள்ளைகளின் அப்பாக்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள் வியக்கத்தக்க வேறுபாட்டைக் கண்டார்கள். முன்னவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒருநாள்கூட விடுப்பு எடுத்திருக்கவில்லை. பின்னவர்களில் அப்படிப்பட்டவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. சில நாள் இடைவெளியில் பிறந்த பிள்ளைகள்தாம், அப்பாக்களும் அதே ஊர், அதே ஆலை, அதே அலுவலகம். மாறியது விதி ஒன்றுதான். மேலாளரிடம் போய், 'இது எனக்கு மட்டும் உள்ள நாள், எடுக்காவிட்டால் வீணாகும்' என்று சொல்ல ஒரு தந்தைக்குக் காரணம் கிடைத்தது. இருபது ஆண்டுப் பிரச்சாரம் தராத துணிவை அந்தக் காரணம் தந்தது என்பதே இந்த வரலாற்றின் நடுநாயகமான செய்தி.

2002-இல் இரண்டாவது மாதமும் 2016-இல் மூன்றாவது மாதமும் ஒதுக்கப்பட்டன. சமமாகப் பிரித்துக்கொள்ளும் பெற்றோருக்கு 2008-இல் தொடங்கிய ஊக்கத்தொகை குறிப்பிடும்படியான பலன் தராமல் 2017-இல் முடிக்கப்பட்டது. இன்று தந்தையர் எடுப்பது மொத்த நாட்களில் சுமார் 30 விழுக்காடு.

இன்றைய நடைமுறை

480 நாளில் 390 நாளுக்கு வருமானத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு ஓர் உச்சவரம்புக்குள் கிடைக்கும். மீதி 90 நாளுக்கு நாளொன்றுக்கு 180 குரோனா. தொழிற்சங்க ஒப்பந்தங்களின்படி பல நிறுவனங்கள் கூடுதலாகவும் சேர்த்துக் கொடுக்கின்றன. குழந்தை பிறந்தவுடன் தந்தை தாயோடு இருக்க 10 நாள் தனியே உண்டு, அது இந்தக் கணக்கில் சேராது. முழுநாள், அரைநாள், கால்நாள், ஏன், எட்டில் ஒரு பங்கு நாளாகக்கூட விடுப்பை எடுக்கலாம். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்வரை நாட்களைச் சேமித்து வைக்கலாம், ஆனால் நான்கு வயதுக்குப் பிறகு எடுக்கக்கூடியது 96 நாள் மட்டுமே. இரண்டு தாயர் உள்ள குடும்பத்திலும் இரண்டு தந்தையர் உள்ள குடும்பத்திலும் இதே பங்கீடுதான். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு 480 நாளும் அவருக்கே.

வழக்கமாகத் தாய் முதல் ஆண்டை எடுப்பார், பால்குடி குறைந்தபிறகு தந்தை பொறுப்பேற்பார். அப்போது அவர் துணைக்கு நிற்பவராக இருப்பதில்லை. தாய் வேலைக்குப் போய்விடுவதால் சோறூட்டுவது, தூங்கவைப்பது, துணி மாற்றுவது, அழுகையின் காரணம் கண்டுபிடிப்பது எல்லாம் அவர் தலையில். இந்த ஏற்பாட்டில் மிகப் பெறுமதியானது இதுவே என்று சொல்லலாம். கேட்டுச் செய்பவராக இருந்த மனிதர், யாரையும் கேட்காமல் செய்பவராகிறார்.

நகரங்களும் இதற்கு இடம் கொடுக்கின்றன. ஸ்டாக்ஹோம் பேருந்துகளில் குழந்தைத் தள்ளுவண்டியோடு ஏறுபவருக்குக் கட்டணமில்லை. விடுப்பில் உள்ள பெற்றோர் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்து, பாடி, பேசிப் போக 'திறந்த மழலையர் பள்ளி' என்ற இலவச இடங்கள் உண்டு. காப்பிக் கடைகளில் தள்ளுவண்டியோடு அமர்ந்திருக்கும் ஆண்களுக்கு 'லாட்டே அப்பாக்கள்' என்று பெயரே வந்துவிட்டது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் வீட்டில் இருந்த அப்பாக்களைப் புகைப்படக் கலைஞர் யூஹான் பேவ்மன் தொடராகப் படமெடுத்தார். கலைந்த தலையும் கழுவாத பாத்திரமும் தோளில் உறங்கும் பிள்ளையுமாக உள்ள அந்தப் படங்கள் பல நாடுகளில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு என்றால் மழலையர் பள்ளியில் பிள்ளையை ஏற்கமாட்டார்கள். அந்நாட்களில் பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருக்க, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 120 நாள்வரை உதவித்தொகை உண்டு. இதில் தந்தையர் பங்கு ஏறத்தாழ 40 விழுக்காடு.

ஆய்வுகள் காட்டுவன

தந்தையின் அருகாமை பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று அறிய, உப்சாலா பல்கலைக்கழகத்தின் அன்னா சர்காடியும் சக ஆய்வாளர்களும் பல நாடுகளில் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 24 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் 22 ஆய்வுகள் நற்பயனைக் காட்டின. தந்தை ஈடுபாட்டோடு இருந்த வீடுகளில் ஆண்பிள்ளைகளிடம் நடத்தைச் சிக்கல்கள் குறைவு, பெண்பிள்ளைகளிடம் பிற்காலத்தில் மனநலச் சிக்கல்கள் குறைவு, அறிவு வளர்ச்சியும் மேல்.

தாய்க்கும் இதில் பங்குண்டு. பெற்றோர் இருவரும் ஒரே சமயத்தில் வீட்டில் இருக்க 2012-இல் 30 நாள்வரை அனுமதி கிடைத்தது. தேவைப்படும் நாளில் தந்தை திடீரென விடுப்பு எடுக்கலாம் என்ற நிலை வந்ததும், பிரசவத்துக்குப் பிந்தைய முதல் ஆறு மாதங்களில் தாய்மாருக்குப் பதற்றத்துக்கான மருந்துச் சீட்டுகள் 26 விழுக்காடு குறைந்ததாக ஆய்வாளர்கள் பெட்ரா பெர்ஷோனும் மாயா ராசின்-ஸ்லேட்டரும் கண்டறிந்தனர். அப்பாக்கள் எடுத்த கூடுதல் நாட்கள் சொற்பமே. இரவு முழுதும் தூங்காத தாய்க்கு, அந்த ஒரு காலையில் கணவர் வீட்டில் இருந்தால் போதும் என்ற நாட்கள் வரும். அத்தகைய நாட்களின் அருமையை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு அரிது.

எல்லா முடிவுகளும் இப்படி மகிழ்ச்சி தருபவை அல்ல. 1970-களின் இறுதியில் யோத்தபோரி நகரில் மைக்கேல் லேம்பும் உடன் ஆய்வாளர்களும் விடுப்பெடுத்த தந்தையர் உள்ள வீடுகளைக் கவனித்தபோது, தந்தை முதன்மைப் பொறுப்பில் இருந்த வீடுகளிலும் பிள்ளையைத் தூக்குவதும் கொஞ்சுவதும் கவனிப்பதும் தாயே அதிகம் என்று கண்டனர். தந்தையர் மாதம் பற்றிய மேற்சொன்ன ஒப்பீடும் ஒரு வருத்தமான செய்தியைச் சொன்னது. அந்த மாதத்தை எடுத்த அப்பாக்கள், பிள்ளைக்குப் பின்னாளில் உடம்பு முடியாதபோது மற்ற அப்பாக்களைவிடக் கூடுதலாக வீட்டில் இருக்கவில்லை. ஒரு மாதம் பழக்கத்தை மாற்றப் போதாது என்றுதான் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அடியும் பிரிவும்

தந்தை என்றால் தண்டிப்பவர் என்ற பழைய எண்ணத்தையும் சட்டம் தொட்டது. பெற்றோர் உட்பட யாரும் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 1979-இல் சட்டமியற்றிய முதல் நாடும் சுவீடனே. செய்தி ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர, பால் அட்டைப்பெட்டிகளில் அதை அச்சிட்டார்கள். காலை உணவு மேசையில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே அதைப் படித்தார்கள்.

மணமுறிவுக்குப் பின்னும் தந்தை பிள்ளையின் வாழ்வில் தொடர்கிறார். பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் அம்மா வீட்டில் ஒரு வாரம், அப்பா வீட்டில் ஒரு வாரம் என்று மாறிமாறி வாழ்கிறார்கள். 1980-களில் இது நூற்றில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கே இருந்தது. சுமார் ஒன்றரை லட்சம் பள்ளி மாணவரைக் கொண்டு மாலின் பெரிஸ்ட்ரோமும் குழுவினரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தலைவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு போன்ற உபாதைகள் ஒரு பெற்றோரிடம் மட்டும் வளர்பவரைவிட இரு வீட்டிலும் வளர்பவருக்குக் குறைவாக இருந்தன. இருவரும் சேர்ந்து வாழும் வீட்டுப் பிள்ளைகளுக்கு உபாதை எல்லோரைவிடவும் குறைவு.

எல்லைகளும் பரவலும்

விடுப்பைச் சரிபாதியாக எடுக்கும் தம்பதியர் இன்னும் சிறுபான்மையே. படிப்பும் வருமானமும் குறைந்த தந்தையரும் பிற நாடுகளிலிருந்து வந்தவர்களும் குறைவாகவே எடுக்கிறார்கள். பலர் கோடையிலும் கிறிஸ்துமஸ் காலத்திலும் விடுமுறையோடு ஒட்டி எடுத்துவிடுவதால், பிள்ளையோடு தனித்திருக்கும் நீண்ட காலம் அவர்களுக்கு வாய்ப்பதில்லை. உரிமை குடியுரிமையைச் சார்ந்ததன்று, சட்டப்படி அங்கு வாழ்வதைச் சார்ந்தது. ஆகவே அங்கு குடியேறிய ஈழத் தமிழருக்கும் இந்திய மென்பொருள் பொறியாளருக்கும் இது உண்டு. ஆனால் வருமானத்துக்கேற்ற தொகை பெறுவதற்குப் பொதுவாகப் பிரசவத்துக்கு முன் 240 நாள் வருமானம் இருந்திருக்க வேண்டும். முதல் பிறந்தநாள் கடந்த பிள்ளையோடு வருபவருக்கு நாட்களும் குறையும்.

ஒதுக்கீட்டு முறையில் முந்திக்கொண்ட நாடு நோர்வே. அங்கு 1993-இலேயே தந்தைக்கு நான்கு வாரம் ஒதுக்கினார்கள். ஐஸ்லாந்து 2000-இல் தாய்க்கு மூன்று, தந்தைக்கு மூன்று, பொதுவில் மூன்று மாதம் என்று இன்னும் துணிந்து பிரித்தது. டென்மார்க் ஒதுக்கீட்டைக் கொண்டுவந்து 2002-இல் கைவிட்டது. ஒவ்வொரு பெற்றோருக்கும் மாற்ற முடியாத இரண்டு மாதம் வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை 2019-இல் வந்தபின், டென்மார்க் 2022-இல் ஒதுக்கீட்டை மீண்டும் ஏற்றது.

சுவீடனில் அண்மைய மாற்றம் 2024 ஜூலையில் வந்தது. இருவரும் ஒன்றாக வீட்டில் இருக்கக்கூடிய நாட்கள் 60 ஆயின. பெற்றோர் ஒவ்வொருவரும் 45 நாள்வரை தாத்தா, பாட்டி உள்ளிட்ட வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் அனுமதி கிடைத்தது. ஒவ்வொருவருக்கும் தனியே ஒதுக்கிய 90 நாளை மட்டும் இதிலும் மாற்ற முடியாது.