பச்சை குத்தலாமா? திருகோணமலையிலிருந்து எழுந்த ஒரு கேள்வி

முதன்முதலாகப் பச்சை குத்திக்கொள்வதா, வேண்டாமா என்று யோசிக்கும் இருபது வயது இளைஞர் சிட்னியில் இருந்தால், அவர் முன்னுள்ள கேள்விகள் மூன்றோ நான்கோதான். வலிக்குமா? எவ்வளவு செலவாகும்? பெற்றோர் என்ன சொல்வார்கள்? நாற்பது வயதிலும் இது பிடித்திருக்குமா? அதே இளைஞர் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் தமிழராக இருந்தால், வேறொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும். என் உடம்பிலுள்ள அடையாளத்தை நாளை இன்னொருவர் என்னவென்று வாசிப்பார்? இக்கேள்வி இளைஞருக்குத் தோன்றாவிட்டாலும் அவருடைய தாயாருக்குத் தோன்றும். அதற்குக் காரணமான வரலாறு நீண்டது. அதன் ஒரு பகுதி கடல் வழியாக வந்தது.

1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய திருகோணமலை, 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. ஏறத்தாழ 160 ஆண்டுகள் கப்பற் சிப்பாய்கள் இந்தத் தெருக்களில் நடமாடினார்கள். கையில் நங்கூரமோ, தூக்கணாங்குருவி போன்ற ஒரு சிறு பறவையோ குத்தியிராத சிப்பாயைக் காண்பது அரிது என்னும் அளவுக்குப் பச்சை அவர்களுடைய தொழிலோடு ஒட்டியிருந்தது. அந்தப் பறவை ஐயாயிரம் கடல் மைல் பயணத்தையும், ஆமை பூமத்திய ரேகையைக் கடந்ததையும் குறிப்பதாக அவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. இதற்கு நடைமுறைப் பயனும் இருந்தது. கடலில் இறந்தவனின் முகம் அழிந்துபோனாலும் கையிலுள்ள எழுத்து அவன் யாரென்று சொல்லும். இந்த மோகம் கீழ்த்தட்டுச் சிப்பாய்களோடு நிற்கவில்லை. பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர், கடற்படைப் பயிற்சிக் கப்பலில் சென்றபோது 1881 இல் யப்பானில் தம் கையில் பச்சை குத்திக்கொண்டார். அப்போது அவருக்கு வயது பதினாறு.

குக் என்னும் கப்பற் தலைவர் 1769 இல் தஹித்தித் தீவுக்குச் சென்று திரும்பிய பிறகுதான் ஐரோப்பியர் பச்சை குத்தப் பழகினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. ஆங்கிலச் சொல் வேண்டுமானால் அந்தப் பயணத்தோடு வந்திருக்கலாம். வழக்கம் அதற்கு முந்தியது. அதற்கும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன், 1690 இல், உடல் முழுதும் பச்சை குத்திய ஒரு மனிதர் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார். ஜியோலி என்ற அவர் பிலிப்பைன்சுக்குத் தெற்கேயுள்ள ஒரு சிறு தீவைச் சேர்ந்தவர், அடிமையாக விற்கப்பட்டவர். கோட்டையில் அவரைக் கண்ட வில்லியம் டாம்பியர் என்னும் மாலுமி, அவர்மீது பங்குரிமை பெற்று இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அங்கே ஜியோலி ‘சித்திரம் தீட்டிய இளவரசர்’ என்று காசுக்குக் காட்டப்பட்டு, சிறிது காலத்தில் பெரியம்மையால் இறந்துபோனார். தம் மக்களிடையே மதிப்பைக் காட்டிய அடையாளங்கள், வேறு கண்கள் பார்த்தபோது வேடிக்கைப் பொருளாகிவிட்டன.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சங்கப் பாடல்களில் வரும் தொய்யிலைப் பச்சை என்று சிலர் எழுதுகிறார்கள். தொய்யில் என்பது மகளிர் மேனியில் குழம்பால் எழுதப்படும் கோலம். அழியக் கூடியது, அழிவதே அதன் அழகு. பச்சை அப்படியன்று. தமிழகத்தில் குறவர் குலப் பெண்கள் ஊர் ஊராகச் சென்று ஊசியால் குத்தினார்கள். எட்கர் தர்ஸ்டன் 1906 இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியற் குறிப்புகளிலும், 1909 இல் ஏழு தொகுதிகளாக வந்த நூலிலும் இதைக் காணலாம். இலங்கையில், தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த மக்களோடு இவ்வழக்கமும் வந்தது. மலையகத்து மூதாட்டிகளின் முன்கையில் மங்கிய பச்சைக் கோலத்தைக் கண்டவர்கள் இருப்பீர்கள். வடக்கு, கிழக்கின் பழைய குடும்பங்களில் இது அவ்வளவாக வேரூன்றவில்லை.

ஆனால், உடம்பில் அடையாளம் பொறித்துக்கொள்வது சைவர்களுக்கு அந்நியமானதன்று. திருநாவுக்கரசர் பெண்ணாகடத்துத் தூங்கானைமாடத்தில் இறைவனிடம் கேட்டது இதைத்தான். சமண சமயத்தில் இருந்த உடம்போடு வாழ விரும்பாத அவர், சூலக்குறியும் இடபக்குறியும் தம்மீது பொறிக்கப்பட வேண்டும் என்று விண்ணப்பிக்கிறார். பூதகணம் ஒன்று வந்து அவர் தோள்களில் அவற்றைப் பொறித்ததாகப் பெரியபுராணம் சொல்லும். வைணவர்கள் சங்கு சக்கரப் பொறி ஒற்றிக்கொள்வதும் இவ்வகையே. கோணேசர் கோயிலின் வாசலில் நின்றுகொண்டு, பச்சை குத்துவது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று வாதிடுபவர்கள் அப்பரை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அப்பர் தாமே கேட்டார் என்பது இங்கே முக்கியம். கேளாமலே பொறிக்கப்பட்டவர்களும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி, 1797 இல் வங்காளத்தில் இயற்றிய ஒழுங்குவிதியின்கீழ், ஆயுள் தண்டனை பெற்ற கைதிகளின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்தியது. கொதனா எனப்பட்ட இந்தத் தண்டனை 1849 இல்தான் ஒழிந்தது. தமிழ்நாட்டில், எம்.ஜி.ஆர். தம் கட்சியினர் கட்சிக்கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று 1970களில் கேட்டபோது கட்சிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆயினும், என்ன குத்துவது என்பதை உடம்புக்கு உரியவர் தீர்மானிக்கவில்லை என்ற ஓர் ஒற்றுமை இரண்டுக்கும் உண்டு.

போர்க்காலத்துத் திருகோணமலையில் ஊசியும் மையும் தேவைப்படவில்லை. சுற்றிவளைப்பில் ஆண்களை வரிசையில் நிறுத்துவார்கள். சோதனைச்சாவடியில் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். முழங்கையும் முழங்காலும் காய்த்திருந்தால், ஊர்ந்து ஆயுதப் பயிற்சி பெற்ற அடையாளம். தோளில் தழும்பிருந்தால், துப்பாக்கி தாங்கிய அடையாளம். வயிற்றில் வடு இருந்தால், சன்னம் பட்ட காயம். அவன் சைக்கிளிலிருந்து விழுந்தவனாகவோ, குடல்வால் சத்திரசிகிச்சை செய்துகொண்டவனாகவோ, கடலில் வலை இழுப்பவனாகவோ இருக்கலாம். சந்தேகத்தோடு பார்க்கும் கண்ணுக்கு எல்லா வடுவும் ஒரே எழுத்துத்தான். அதற்குமேல், சாக்கால் முகத்தை மூடிய தலையாட்டி ஒருவர் எதிரே அமர்ந்திருந்தால், தழும்புகூட வேண்டியதில்லை.

அந்த வாசிப்பு கடல் கடந்தும் தொடர்ந்தது. 2007 இல் பிரித்தானியப் புகலிட, குடிவரவுத் தீர்ப்பாயம், இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்படும் தமிழருக்கு ஆபத்தைக் கூட்டக்கூடிய பன்னிரண்டு காரணிகளைப் பட்டியலிட்டது. உடம்பில் தழும்பிருப்பது அவற்றில் ஒன்று. அந்த வழிகாட்டலுக்குப் பதிலாக 2013 இல் வேறொன்று வந்தது. ஆனால் தழும்பைப் பற்றிய விவாதம் ஓயவில்லை. பழுக்கக் காய்ச்சிய உலோகக் கம்பிகளால் தம் கைகளிலும் முதுகிலும் சுடப்பட்டதாகக் கூறிய ஒரு தமிழரின் வழக்கில், புகலிடம் பெறுவதற்காக அவரே இன்னொருவரைக் கொண்டு அவ்வடுக்களை ஏற்படுத்திக்கொண்டிருக்கலாமா என்ற கேள்வியை நீதிபதிகள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். 2019 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அவருடைய மேன்முறையீட்டை ஏற்று, வழக்கை மீண்டும் விசாரிக்குமாறு திருப்பி அனுப்பியது. ஊரில் தழும்பிருந்தால் புலி. இலண்டனில் தழும்பைக் காட்டினால் பொய்யர். நம்மவர் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவர்கள்.

வெள்ளைத்தோல் இருந்தால் தப்பிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2014 ஏப்ரல் 21 அன்று கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கிய பிரித்தானியத் தாதி ஒருவரின் மேற்கையில், தாமரைமேல் அமர்ந்த புத்தரின் உருவம் இருந்தது. அவர் பௌத்தத் தியானத்தில் ஈடுபாடு கொண்டவர், பக்தியால் குத்திக்கொண்டது. பொலிஸார் அவரைக் கைது செய்தனர். நீர்கொழும்பு நீதவான் நாடுகடத்த உத்தரவிட்டார். சிறையிலும் தடுப்பு முகாமிலும் இருந்த பின்னரே அவரால் ஊர் திரும்ப முடிந்தது. 2017 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம், அந்தக் கைதுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று கூறி, செலவும் சேர்த்து எட்டு இலட்சம் ரூபா வழங்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. அது வருவதற்கு மூன்றரை ஆண்டுகள் ஆயின என்பதையும், வழக்குப் பேச அவருக்கு வசதி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுத நேர்ந்தது, திருகோணமலையிலுள்ள என் ஒன்றுவிட்ட தங்கையின் மகனால். போர் முடிந்தபோது அவனுக்கு நான்கு வயது. “மாமா, கையில ஒரு நங்கூரம் குத்தப் போறன். அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்ல வேணும்” என்றான். அவனுடைய பூட்டனார் வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகக் கப்பற்பட்டறையில் வேலை பார்த்தவர், அவர் நினைவாகவாம். தாயாரோ, “அண்ணா, இவன்ர அப்பாவைச் சட்டை கழட்டச் சொல்லி நிப்பாட்டினது எத்தனை தரம்? இல்லாத அடையாளத்தை இவன் காசு குடுத்து வாங்கப் போறானே” என்றாள்.

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. வேங்கையோ, கார்த்திகைப் பூவோ என்றால் நான் உடனே வேண்டாம் என்றிருப்பேன். செங்காந்தள் என்ற பெயரில் அதே பூ தமிழ்நாட்டின் மாநில மலர். அங்கே ஒருவர் அதைக் கையில் குத்திக்கொண்டால் அது தாவரவியல். இங்கே அது அரசியல். நங்கூரம் அப்படியன்று எனத் தோன்றும். ஆனால் இந்த ஊரில் நங்கூரம் கடற்படையின் சின்னத்திலும் இருக்கிறது. பார்ப்பவர்களில் ஒருவர் அதைப் பூட்டனாரின் நினைவென்று எடுப்பார். இன்னொருவர், படையினரின் குறியை இவன் ஏன் குத்திக்கொண்டான் என்று கேட்பார்.

அவனிடம் மூன்று செய்திகளை மட்டும் சொன்னேன். ஊசி புதிதா, மை புட்டி புதிதாகத் திறக்கப்பட்டதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஈரல் அழற்சிக் கிருமிகள் இரத்தத்தின் வழியே பரவுபவை. இந்திய விதிகளின்படி பச்சை குத்தியவர் பன்னிரண்டு மாதம் இரத்ததானம் செய்ய முடியாது. இரத்ததான முகாம்களில் முன்வரிசையில் நிற்கும் பிள்ளை, இங்குள்ள விதி என்னவென்று கேட்டறிய வேண்டும். பிறகு மனம் மாறினால், லேசர் கொண்டு அழிப்பது குத்துவதைவிடப் பன்மடங்கு செலவும் வலியும் மிக்கது.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தன் உடம்பில் என்ன இருக்க வேண்டும் என்று தானே யோசித்து முடிவெடுக்கும் வாய்ப்பு அவனுடைய தந்தைக்கு இருபது வயதில் கிட்டியதில்லை. ஆறு மாதம் பொறுத்துக்கொள், அந்தப் படத்தைக் காகிதத்தில் வரைந்து சுவரில் ஒட்டி நாள்தோறும் பார் என்றேன். ஒட்டியிருக்கிறானாம். நங்கூரத்துக்குக் கீழே பூட்டனாரின் பெயரைத் தமிழில் எழுதலாமா என்று தாயார் இப்போது கேட்கிறாள்.