கலங்கிய குழாய்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒருவருக்கு இருமல் நிற்காவிட்டால் பழி முதலில் பட்டாசு மருந்தின் மேல்தான் விழும். அலுமினியப் பவுடரும் கந்தகமும் வெடியுப்பும் பகலெல்லாம் மூச்சோடு போனால் நெஞ்சு கட்டாதா என்பார்கள். தூசி இருமலாகவே இருக்கலாம். காசநோயாகவும் இருக்கலாம். சளியைப் பார்க்காமல் பிரித்துச் சொல்ல வழியில்லை.

1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்தார். சாயமேற்றிய சளியில் அதைச் சிவப்புக் குச்சிகளாகக் காணும் முறையும் சீக்கிரமே வந்தது. ஆனால் ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் நுண்ணோக்கியில் சிக்கும். தொடக்க நோயாளிகள் பலரிடம் அத்தனை இருப்பதில்லை.

கிருமி அகப்படாவிட்டால் அது செய்யும் சேதத்தைப் பிடிக்கலாமே! 1909இல் பாரிஸ் மருத்துவர்கள் ரோஜேயும் லெவி-வலன்சியும் அந்த வழியில் இறங்கினார்கள். சளியில் தண்ணீர் விட்டுக் குலுக்கி, சில சொட்டு அசிட்டிக் அமிலம் சேர்த்தார்கள். வழவழப்பைத் தரும் மியூசின் திரண்டு நின்றது. வடிதாளில் இறங்கிய தெளிந்த நீரைச் சோதனைக் குழாயில் சூடாக்கினார்கள். முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது வெளுப்பதுபோல நீர் கலங்கினால் அதில் ஆல்புமின் உண்டு.

ஆல்புமின் கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் ஓடும் புரதம். சாதாரண மார்ச்சளியில் மியூசின்தான் மிகுதி. காற்றுப்பைகள் அழற்சியில் புண்ணாகும்போது நாளங்கள் கசிந்து ஆல்புமின் சளிக்கு வந்துவிடுகிறது. கருத்து அருமையானது, இன்றைக்கும் தவறில்லை. ஆனால் நிமோனியாவிலும் நுரையீரலில் நீர் கோத்தாலும் குழாய் அதேபோலக் கலங்கியது. பலமுறை பார்த்தும் கலங்காவிட்டால் காசநோய் இராது என்று கருத மட்டுமே அது உதவியது. எக்ஸ்ரே பரவியபின் வழக்கொழிந்தது.

புரதத் தேடல் அதோடு நிற்கவில்லை. கிருமியே வெளியிடும் எம்பிடி64 என்ற புரதத்தைக் கொண்டு, ஆய்வகத்தில் வளர்த்த கிருமி காசநோயுடையதுதானா என்று சிறு அட்டையில் கால் மணி நேரத்தில் இப்போது உறுதிசெய்கிறார்கள். நேராகச் சளியில் தேடும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் பார்ப்பது கிருமியின் டி.என்.ஏ.வை. செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் அவற்றில் தெரியும் என்பதால், சிகிச்சைக்கு நோய் அடங்குகிறதா என்று அவற்றால் சொல்ல முடியாது. அதற்குத்தான் நுரையீரலின் கொலாஜனை அரிக்கும் நொதிகளையும் பிற புரதங்களையும் ஆய்வாளர்கள் சளியில் அளக்கிறார்கள்.

ரோஜேயின் குழாயை ஏமாற்றியவை பிற நுரையீரல் நோய்கள். தூசியாலும் நுரையீரல் அழற்சி கொள்ளும், புரதம் கசியும். ஆகவே புதிய புரதச் சோதனை எதுவானாலும், பட்டாசு மருந்து கலக்கும் அறையில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களின் சளியிலும் அதைச் சோதித்த பிறகே இந்த வட்டாரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.