பள்ளியின் ஆண்டறிக்கை யாருக்காக?

பள்ளி ஆண்டு முடிந்து தேர்வு முடிவுகளும் வந்தபின், பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலிருந்து உங்கள் மொபைலுக்கு ஓர் அறிக்கை வந்திருக்கும். 'இந்த ஆண்டு நம் பள்ளியின் முன்னேற்றம்' என்ற மாதிரி ஒரு தலைப்பு. பத்தாம் வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. அதன் கீழே அதிக மதிப்பெண் எடுத்த மாணவர்களின் படங்கள், ஸ்மார்ட் கிளாஸ், புதிய கூடைப்பந்து மைதானம். நாமும் பார்த்து மகிழ்ந்து, கட்டைவிரல் படத்தை ஒன்று தட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

இந்த அறிக்கைக்கு ஏறக்குறைய 190 ஆண்டு வரலாறு உண்டு. பள்ளிகள் இதை எதற்காக எழுத ஆரம்பித்தன, நடுவில் அது எப்படித் தடம் மாறியது என்று தெரிந்தால், அடுத்த முறை அந்தத் தாளை வேறு கண்ணோடு படிப்பீர்கள். அதனால்தான் இந்த இதழில் அந்தக் கதையைச் சொல்கிறேன்.

கதை தொடங்கும் இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். அமெரிக்காவின் முதல் பொது உயர்நிலைப் பள்ளி 1821ல் அங்குள்ள பாஸ்டன் நகரில்தான் திறக்கப்பட்டது. 500 குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரும் ஓர் உயர்நிலைப் பள்ளி நடத்த வேண்டும் என்று 1827ல் சட்டமும் வந்தது. சட்டம் வந்ததே தவிர, பல ஊர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. வசதி உள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பொதுப் பள்ளிக்கு வரி கட்ட அவர்களுக்கு மனம் வரவில்லை. கேட்ட கதை மாதிரி இருக்கிறதா?

1837ல் அந்த மாநிலம் ஒரு கல்வி வாரியம் அமைத்தது. அதன் முதல் செயலாளர் ஹொரேஸ் மான். வழக்கறிஞர், மாநில மேலவையின் தலைவராக இருந்தவர். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஆண்டுக்கு 1,500 டாலர் சம்பளத்தில் இந்த வேலைக்கு வந்தார். வாரியத்துக்குப் பள்ளி நடத்தும் அதிகாரம் கிடையாது. ஆசிரியரை நியமிக்கவோ நீக்கவோ முடியாது. பள்ளிகளுக்குப் பணம் கொடுக்கும் உரிமையும் இல்லை. தகவல் திரட்டலாம், ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை எழுதலாம். அவ்வளவுதான்.

மான் அந்த ஒன்றை வைத்தே வேலை செய்தார். குதிரையில் மாவட்டம் மாவட்டமாகப் போய்க் கூட்டம் போட்டார். பள்ளிக்கூடங்களை நேரில் பார்த்தார். காற்றோட்டம் இல்லாத அறை, சாய்ந்து உட்கார முடியாத பெஞ்சு, குளிரில் நடுங்கும் பிள்ளைகள் என்று கண்டதைக் கண்டபடி எழுதினார். 1837 முதல் 1848 வரை மொத்தம் 12 ஆண்டறிக்கைகள்.

அதைவிட முக்கியமானது 1838ல் வந்த ஒரு சட்டம். ஒவ்வோர் ஊரின் பள்ளிக் குழுவும் தன் பள்ளிகளின் நிலைமையை, நிறை குறை இரண்டையும் சேர்த்து, ஆண்டுதோறும் விரிவாக எழுத வேண்டும். அதை ஊர்க்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். பள்ளியின் ஆண்டறிக்கையை மக்கள் முன் வைக்கும் வழக்கம் அங்கே சட்டப்படி வேரூன்றியது இப்படித்தான்.

இதை நம் வளாகத்தின் ஆண்டுப் பொதுக்குழுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செயலாளர் அறிக்கை படிக்கிறார், பொருளாளர் கணக்கு வைக்கிறார். லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது என்று அதே அறிக்கையில் எழுதியிருந்தால், அடுத்த ஆண்டு பராமரிப்புக் கட்டணத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்று அதே கூட்டம் முடிவு செய்கிறது. மாசசூசெட்ஸ் ஊர்க்கூட்டமும் அப்படித்தான். அறிக்கையைக் கேட்டவர்களே பள்ளிக்கான வரியையும் தீர்மானித்தார்கள். கூரை ஒழுகுகிறது என்று படித்தால், அதைச் சரிசெய்யும் பொறுப்பும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களுடையதே. ஒரு குறை உண்டு. அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு ஓட்டு கிடையாது. பிள்ளையை அன்றாடம் பள்ளிக்கு அனுப்பிய தாய்க்கு அறிக்கையின் மேல் சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல் போனது.

ஆனாலும் பலன் இருந்தது. மான் பதவியில் இருந்த காலத்தில் பொதுப் பள்ளிகளுக்கான செலவு பெருமளவு உயர்ந்தது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் 1839ல் தொடங்கின. சுமார் 50 புதிய உயர்நிலைப் பள்ளிகள் வந்தன. எதிர்ப்பும் வந்தது. அவருடைய ஏழாவது அறிக்கையைக் கண்டித்து 1844ல் பாஸ்டன் தலைமை ஆசிரியர்கள் 31 பேர் சேர்ந்து ஒரு புத்தகமே போட்டார்கள். குறையை எழுதும் அறிக்கை யாருக்குத்தான் பிடிக்கும்?

அடுத்த ஆண்டு, 1845ல், பாஸ்டன் பள்ளிகளில் ஒரே அச்சிட்ட வினாத்தாளைக் கொடுத்து எழுத்துத் தேர்வு நடத்தினார்கள். அதுவரை வழக்கம் வாய்மொழித் தேர்வுதான். எழுத்துத் தேர்வின் முடிவு மோசமாக வந்தது. பள்ளிக்குப் பள்ளி ஒப்பிட்டு அட்டவணையும் போட்டார்கள். பள்ளி அறிக்கைக்குள் மதிப்பெண் நுழைந்தது அப்போதுதான். அதில் தவறில்லை. எண் இல்லாத அறிக்கை வெறும் பேச்சு. அந்த எண்ணோடு பணத்தைக் கட்டியபோதுதான் வினை வந்தது. அதைச் செய்தது இங்கிலாந்து.

அங்கே 1862ல் ராபர்ட் லோ என்ற அமைச்சர் ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார். அரசு மானியம் பெறும் தொடக்கப் பள்ளிக்கு, சராசரி வருகையின்படி ஒரு பிள்ளைக்கு 4 ஷில்லிங். ஆய்வாளர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதித்து, பிள்ளை தேறினால் மேலும் 8 ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. கணக்குப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும்: அரசுப் பணத்துக்குப் பலன் கேட்கிறார்கள். நடந்தது வேறு. ஆசிரியர்கள் ஆய்வாளர் கேட்கும் மூன்றை மட்டும் நடத்தினார்கள். வரலாறும் புவியியலும் பின்னுக்குப் போயின. வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்தார்கள். கவிஞர் மாத்யூ அர்னால்டு 35 ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராக வேலை பார்த்தவர். இந்த முறை பள்ளியை இயந்திரமாக்குகிறது என்று தன் அரசு அறிக்கைகளிலேயே எழுதிக்கொண்டிருந்தார். 1890களில்தான் அதைக் கைவிட்டார்கள்.

அதே முறை கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. 1854ல் சர் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையை ஒட்டித் தனியார் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கும் வழக்கம் இங்கே தொடங்கியிருந்தது. 1860களில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்ற முறை வந்தது. நம் திண்ணைப் பள்ளிகள் பலவும் அதற்குள் சேர்ந்தன. அதுவரை திண்ணை வாத்தியாருக்குக் கூலி கொடுத்தது ஊர். நெல்லோ பணமோ, பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று பார்த்துக் கொடுத்தார்கள். மானியம் வந்ததும் வாத்தியாரின் கண் ஊரைவிட்டு இன்ஸ்பெக்டர் வரும் பாதைக்குத் திரும்பியது. கர்சன் பிரபு காலத்தில் 1904ல் வெளியான கல்விக் கொள்கைத் தீர்மானம் இந்த முறையைக் கைவிடச் சொன்னது. முறை போயிற்று, பள்ளி அறிக்கை மேலிடத்துக்கு எழுதப்படுவது என்ற பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மார்ச் 31 அன்று கிளையின் டெபாசிட் மலைபோல் ஏறும். ஏப்ரல் முதல் வாரத்தில் பாதி இறங்கிவிடும். இலக்கைக் காட்டுவதற்காக ஒரே ஒரு நாள் வந்து தங்கிய பணம் அது. கணக்கில் பொய் இல்லை. ஆனால் அந்த எண்ணை நம்பிக் கிளை வளர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. எந்த எண்ணோடு பதவி உயர்வையும் தண்டனையையும் கட்டுகிறோமோ, அந்த எண் மட்டும் நன்றாக வளரும்.

இந்தப் பாடத்தை அமெரிக்கா 21ம் நூற்றாண்டில் மறுபடியும் படிக்க வேண்டி வந்தது. 2002 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட ஒரு சட்டம், 3 முதல் 8ம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும், உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறையும் வாசிப்புக்கும் கணக்குக்கும் தேர்வு வைக்கச் சொன்னது. பள்ளிகளின் நிலையைப் பெற்றோருக்கு ஆண்டு அறிக்கையாகத் தெரிவிக்க வேண்டும் என்றது. அதில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. மொத்தச் சராசரி போதாது. கறுப்பின மாணவர்கள், ஏழை வீட்டுப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். சராசரிக்குப் பின்னால் யாரையும் ஒளித்து வைக்க முடியாது.

கூடவே 2014க்குள் எல்லா மாணவர்களும் தேற வேண்டும் என்ற இலக்கையும், எட்டாத பள்ளிகளுக்குத் தண்டனையையும் அந்தச் சட்டம் வைத்தது. அட்லாண்டா நகரில் என்ன நடந்தது தெரியுமா? மாணவர்களின் தவறான விடைகளை ஆசிரியர்களே ரப்பரால் அழித்துத் திருத்தினார்கள். 2011ல் வெளியான மாநில விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகளும், ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர்கள் என 178 பேரும் சிக்கினார்கள். 2015ல் 11 பேரை நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதில் வேறு சட்டம் வந்தது. பிரிவு பிரிவாகக் காட்டும் அறிக்கை மட்டும் தொடர்கிறது.

நம் மாநிலத்தில் மானின் வழியில் நடந்த ஒரு நல்ல காலமும் உண்டு. காமராஜர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன இல்லை என்று பட்டியல் போட்டு ஊர் முன்னால் வைத்தார்கள். ஊரார் பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை, கட்டடம் என்று முடிந்ததைக் கொடுத்தார்கள். 'எங்களிடம் இது இல்லை' என்று சொன்ன பட்டியல், சாதனைப் பட்டியல் சாதிக்காததைச் சாதித்தது.

இப்போது சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மாசசூசெட்ஸ் கூட்டத்தில் ஓட்டில்லாமல் இருந்த தாய், இங்கே குழு உறுப்பினராகவே உட்காரலாம். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், மானியம் சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. நம் வளாகத்தில் பெரும்பாலோரின் பிள்ளைகள் படிக்கும் சுயநிதிப் பள்ளிகளுக்கு இந்த ஏற்பாடு கிடையாது. அங்கே கேட்க வேண்டியது பெற்றோர்தான்.

என்ன கேட்கலாம்? ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 120 பேர். மறு ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 96. அத்தனை பேரும் தேர்ச்சி. அறிக்கையில் 100 சதவீதம். இன்னொரு பள்ளியிலும் 120 பேர்; 118 பேர் எழுதி 106 பேர் தேர்ச்சி. அறிக்கையில் 90 சதவீதம்கூட வராது. ஆனால் 120 பேரைக் கணக்கில் வைத்தால் முதல் பள்ளி 80 சதவீதம், இரண்டாவது 88. முதல் பள்ளியில் காணாமல் போன 24 பிள்ளைகள் எங்கே? மார்க் குறைந்த பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு 'டிசி வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்வதையும், தனித்தேர்வராக எழுத வைப்பதையும் நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாநிலத்தில் முதலிடம் யார் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. பள்ளி விளம்பரங்கள்தான் இன்னும் நிறுத்தவில்லை.

ஆகவே, அடுத்த முறை அறிக்கை வரும்போது நான்கு விஷயங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், தேர்வு எழுதியவர்கள் எத்தனை? இந்த ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போனார்கள்? பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாக என்ன செய்தார்கள்? செய்ய முடியாமல் போனது என்று ஏதாவது ஒரு வரி இருக்கிறதா? பதில் இல்லையென்றால் பெற்றோர் கூட்டத்தில் மரியாதையாகக் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், ஒரே பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் நாலைந்து வீட்டார் சேர்ந்து கேளுங்கள்.

பக்கத்துத் தெருவில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளியையும் மறந்துவிட வேண்டாம். நம் வீடுகளில் வேலை செய்கிறவர்கள், நம் வாட்ச்மேன் ஆகியோரின் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவைச் சந்தித்து, 'உங்களுக்கு என்ன இல்லை?' என்று கேட்டு ஒரு பட்டியல் வாங்கி வருவோம் என்று சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். வரும் பொதுக்குழுவில் அந்தப் பட்டியலையும் படிக்கலாம்.