திரைநேரம் என்னும் அளவுகோல்: இல்லத் திரைகளும் இளங்குழந்தைப் பருவமும் குறித்த ஆய்வுகளின் வரலாறு (1958–2021)

ஆய்வுச்சுருக்கம்

இல்லத்தில் உள்ள திரைகள் இளங்குழந்தைகளின் வளர்ச்சியை எவ்வாறு பாதிக்கின்றன என்னும் வினா அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்து வந்துள்ளது. மருத்துவ அமைப்புகளின் பரிந்துரைகள் பொதுமக்களிடையே நேரவரம்புகளாகவே நிலைபெற்றன. ஆய்வுகளோ, குழந்தைக்கு மறுமொழி தரும் மனிதரின் இருப்பையே முதன்மைக் காரணியாகத் தொடர்ந்து சுட்டி வந்தன. இவ்விடைவெளி உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திரைநேரம், இளங்குழந்தைப் பருவம், மொழிவளர்ச்சி, தொலைக்காட்சி, கைப்பேசி.

முன்னுரை

'திரைநேரம்' என்னும் கூட்டுச்சொல் இன்று தமிழ் நாளிதழ்களிலும் மருத்துவ அறிவுரைகளிலும் இயல்பாக வழங்குகிறது. திரை, நேரம் என்னும் இரண்டை மட்டுமே அச்சொல் உணர்த்துகிறது. அத்திரையின்முன் குழந்தையோடு யார் இருந்தார் என்பதற்கு அதில் இடமில்லை. ஒரு துறையின் கலைச்சொல் அத்துறை எதனை அளக்க வேண்டும் என்பதையும் வரையறுத்துவிடக்கூடும். இவ்வரையறை எவ்வாறு நேர்ந்தது என்பதை மேலைநாட்டு ஆய்வு வரலாற்றின் வழியே காணலாம்.

தொடக்கக்கால ஆய்வுகள்: இடப்பெயர்ச்சிக் கருத்து

இங்கிலாந்தில் ஹில்டே ஹிம்மெல்வைட் தம் உடனாய்வாளர்களோடு 1958இல் வெளியிட்ட 'தொலைக்காட்சியும் குழந்தையும்' என்னும் நூல் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. நஃபீல்டு அறக்கட்டளையின் நிதியுதவியால் நடைபெற்ற இவ்வாய்வு, பத்து வயதைக் கடந்த பள்ளிச் சிறுவரையே பொருளாகக் கொண்டது. ஆயினும் அது முன்வைத்த வினா பிற்காலத்தில் இளங்குழந்தைகளுக்கும் பொருந்துவதாயிற்று. தொலைக்காட்சி வந்தபின் குழந்தையின் நாளிலிருந்து எது வெளியேறியது என்பதே அவ்வினா. தொலைக்காட்சி நிறைவேற்றும் அதே தேவையை அதுவரை நிறைவேற்றி வந்த செயல்களே முதலில் இடம்பெயர்ந்தன என்று அந்நூல் காட்டியது. நேரத்தைக் கணக்கிட்ட அவ்வாய்வு, அந்நேரம் எதற்கு உரியதாக இருந்தது என்பதையும் உடன் கேட்டது குறிப்பிடத்தக்கது.

செசமி ஸ்டிரீட்டும் அதன் மறுஆய்வும்

பள்ளிவயதை எட்டாத குழந்தைகளுக்கெனத் திட்டமிட்ட பாடநோக்குடன் உருவான 'செசமி ஸ்டிரீட்' 1969 நவம்பர் 10 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஜோன் கான்ஸ் கூனியும் லாயிடு மோரிசெட்டும் இதற்கு வித்திட்டனர். வறிய குடும்பங்களின் குழந்தைகள் பள்ளிக்கு ஆயத்தமாக உதவுவது இதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. சாமுவேல் பால், ஜெரி ஆன் போகட்ஸ் ஆகியோரின் தொடக்க மதிப்பீடுகள், மிகுதியாகப் பார்த்த குழந்தைகள் மிகுதியாகக் கற்றனர் என அறிவித்தன.

இத்தரவுகளைத் தாமஸ் குக்கும் அவர்தம் குழுவினரும் மறுஆய்வு செய்து 1975இல் நூலாக்கினர். மதிப்பீட்டின் ஒரு பகுதிக் குடும்பங்களுக்குக் களப்பணியாளர்கள் சென்று நிகழ்ச்சியைப் பார்க்குமாறு ஊக்குவித்திருந்தனர். அவ்வூக்கம் பெற்ற குழந்தைகளிடம் காணப்பட்ட பயன், ஊக்கமின்றித் தாமாகப் பார்த்த குழந்தைகளிடம் குறைவாகவே இருந்தது. எனவே பயனின் ஒரு பகுதியேனும் திரைக்கு வெளியே இருந்த மனிதரால் விளைந்தது எனலாம். எனினும் நிகழ்ச்சியின் சொந்த ஆற்றலை மறுப்பதற்கில்லை. ஒளிபரப்பு தெளிவாகக் கிடைத்த பகுதிகளின் குழந்தைகள் தொடக்கப்பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் நிலைத்திருக்கும் வாய்ப்பு உயர்ந்ததை மெலிசா கியர்னியும் பிலிப் லெவினும் 2019இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது.

1999: வரம்பின் பிறப்பு

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1999 ஆகஸ்டில், இரண்டு வயதுக்குட்பட்டோரைத் தொலைக்காட்சியிலிருந்து விலக்கி வைக்குமாறு அறிவுறுத்தியது. அதற்கு அக்கழகம் கூறிய காரணம் இங்குச் சிந்திக்கத்தக்கது. மூளை வளரும் அப்பருவத்தில் பெற்றோருடனும் பிற பராமரிப்பாளருடனும் நேரடி உறவாட்டம் இன்றியமையாதது என்பதே அக்காரணம். அறிவுரையின் வேர் உறவாட்டத்தில் இருந்தது. பொதுவெளியில் பரவியதோ 'இரண்டு வயது' என்னும் எல்லை மட்டுமே. காரணம் பின்தங்க, எண் முன்சென்றது.

இக்காலத்திலேயே கைக்குழந்தைகளுக்கான ஒளிப்பேழைகளின் வணிகமும் பெருகியது. 'பேபி ஐன்ஸ்டீன்' நிறுவனத்தை டிஸ்னி 2001இல் வாங்கியது. பின்னர் 2009இல் அவ்வொளிப்பேழைகளுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தது.

மறுமொழியை அளந்த ஆய்வுகள்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சோதனைகள் வினாவைக் கூர்மையாக்கின. பட்ரீசியா கூலும் அவர் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் மாண்டரின் சீன மொழியைப் பன்னிரண்டு அமர்வுகளில் கேட்டனர். நேரில் பேசியவரிடம் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளை வேறுபடுத்தி அறிந்தனர். அதே பேச்சைத் திரையில் கண்ட குழந்தைகளிடம் அத்திறன் தோன்றவில்லை.

ஜூடி டிலோச் குழுவினரின் 2010ஆம் ஆண்டு ஆய்வு, 12 முதல் 18 மாத வரையிலான குழந்தைகளுக்கு ஒரு மாதகாலம் சொற்களைக் கற்பிக்கும் ஒளிப்பேழையைக் காட்டியது. அதனைப் பார்த்தவர்கள், பாராதவர்களைவிடக் கூடுதலாகக் கற்கவில்லை. ஒளிப்பேழையே இன்றி, அன்றாட வேளைகளில் அதே சொற்களைப் பெற்றோர் கற்பித்த குழந்தைகளே மிகுதியாகக் கற்றனர். ஒளிப்பேழையை விரும்பிய பெற்றோர், தம் குழந்தை கற்றதை மிகைப்படுத்தியே மதிப்பிட்டனர்.

இவற்றால் திரை தன்னளவிலேயே தடை என்று முடிவுகட்டவும் இயலாது. சாரா ரோஸ்பெரி, கேத்தி ஹிர்ஷ்-பாசெக், ராபர்ட்டா கோலின்காஃப் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 24 முதல் 30 மாத வரையிலான குழந்தைகள் காணொலி அழைப்பில் பேசியவரிடமிருந்து புதிய வினைச்சொற்களைக் கற்றனர். பதிவுசெய்யப்பட்ட காணொலியிலிருந்து கற்கவில்லை. இரண்டிலும் குழந்தை கண்டது திரையையே. முன்னதில் எதிரிலிருந்தவர் குழந்தையின் பேச்சுக்கும் பார்வைக்கும் மறுமொழி தந்தார். பின்னதில் அது இல்லை.

பெரியவர்களின் திரை

குழந்தைக்கெனக் காட்டப்படாத திரையும் வீட்டில் உண்டு. டிமிட்ரி கிறிஸ்டாக்கிஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டின் ஒலிகளைப் பதிவுசெய்யும் சிறு கருவியைக் குழந்தைகள் அணிந்திருந்தனர். தொலைக்காட்சி ஒலித்த ஒவ்வொரு மணிநேரத்துக்கும், குழந்தையின் செவியில் விழுந்த பெரியவர்களின் சொற்கள் சராசரியாக 770 குறைந்திருந்தன. ஜென்னி ராடெஸ்கி குழுவினர் பாஸ்டன் பகுதி உணவகங்களில் 55 பராமரிப்பாளரை உற்றுநோக்கி 2014இல் அறிக்கை வெளியிட்டனர். அவர்களுள் 40 பேர் உணவுவேளையில் கைப்பேசியைப் பயன்படுத்தினர். சிலர் அதிலேயே ஏறத்தாழ முழுமையாக ஆழ்ந்திருந்தனர்.

இந்நிலைகளில் குழந்தை எத்திரையையும் பார்க்காதிருக்கலாம். எனவே குழந்தையின் 'திரைநேரம்' சுழியமாகவே பதிவாகும். இழப்பு மட்டும் பதிவாகாது.

அண்மைக்காலப் பரிந்துரைகள்

அமெரிக்கக் கழகம் 2016இல் தன் நிலைப்பாட்டைத் திருத்தியது. 18 மாதத்துக்குட்பட்டோருக்குக் காணொலி அழைப்பு விலக்களிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட இளங்குழந்தைகளோடு பெற்றோரும் உடனமர்ந்து பார்க்க அறிவுறுத்தப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல், இரண்டு வயதுக்குக் கீழே திரை முன் அமர்தல் கூடாது என்றும், அதற்கு மேல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிநேரத்துக்கு மிகாதிருத்தல் வேண்டும் என்றும் கூறியது. அப்பரிந்துரை 'வலுவானது' என்று அறிவிக்கப்பட்டபோதும், அதற்கான சான்றின் தரம் 'மிகக் குறைவு' என்று அந்நிறுவனமே குறித்தது. உடலசைவு, உட்கார்ந்திருத்தல், உறக்கம் ஆகியவற்றைப் பற்றியதாகலின் அவ்வாவணத்துக்கு நேரம் பொருத்தமான அலகே. மொழிவளர்ச்சிக்கும் அதுவே அலகாகும்போதுதான் சிக்கல் எழுகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் ஏறத்தாழ இதே நேரவரம்புகளைக் கொண்டது; உறவினருடன் எப்போதேனும் பேசும் காணொலி அழைப்பை அதுவும் விலக்காக ஏற்றது.

முடிவுரை

நேரம் அளப்பதற்கு எளிது. கணக்கெடுப்பில் கேட்கவும், மருத்துவர் சில நிமிடங்களில் எடுத்துரைக்கவும் ஏற்றது. உறக்கத்தையும் ஓடியாடும் விளையாட்டையும் காக்க அது தேவையும்கூட. ஆயினும் அது மட்டுமே அளவுகோலானால் இருவகைப் பிழைகள் நேரும். அயல்நாட்டிலிருந்து பாட்டி காணொலியில் பேசக் குழந்தை மழலையில் விடைசொல்லும் பொழுதும், கைப்பேசியில் ஓடும் பாட்டைப் பார்த்தவாறு அது ஊட்டிய சோற்றை விழுங்கும் பொழுதும் ஒரே கணக்கில் சேரும். மாலை முழுதும் தொலைக்காட்சி ஒலிக்கும் வீடு, குழந்தைக்குரிய வரம்பைக் கடைப்பிடித்த வீடாகவே எண்ணப்படும். உதவிக்கு ஆளின்றி, அடுப்படி வேலை முடியும் வரை அரைமணிநேரம் கைப்பேசியைக் கொடுத்த தாய் குற்றவுணர்வு கொள்வாள்; தம் கைப்பேசியிலிருந்து தலைநிமிராத பிறர்மேல் எவ்வினாவும் எழாது.

எனவே தமிழ்ச்சூழலில் இனி மேற்கொள்ளப்படும் ஆய்வுகளின் வினாநிரலில் 'எத்தனை மணிநேரம்' என்பதோடு, 'உடன் இருந்தவர் யார்', 'குழந்தைக்கு மறுமொழி கிடைத்ததா', 'அவ்வேளையில் பெரியவர் கையில் இருந்தது எது' என்னும் வினாக்களும் இடம்பெறல் வேண்டும். 1999இல் எண்ணுக்குப் பின்னே மறைந்த காரணத்தை மீட்டெடுப்பதற்கு அதுவே வழியாகும்.