நிதாஹஸ் கிண்ணம்

கொடியேற்றமும் படை அணிவகுப்புமே சுதந்திர தின வைபவங்களுக்குப் போதுமென்றிருந்த தென்னாசிய தேசங்கள், ஆங்கிலேயர் விட்டுச்சென்ற கிரிக்கெட்டையே அவ்வைபவத்தின் அங்கமாக்கி, அயல்நாட்டு அணிகளை அதிதிகளாக அழைத்துப் பந்தயம் நடத்தும் சம்பிரதாயம் 1997, 1998ஆம் ஆண்டுகளில் வெகு உற்சாகமாகச் செழித்தது. இந்தியாவின் பொன்விழாக் கிண்ணத்தை இலங்கை கொண்டு சென்றது. பாகிஸ்தான் தன் பொன்விழாவுக்கு லாகூரில் நடத்திய போட்டியில் தென்னாப்பிரிக்கா வென்றது. வங்கதேசத்தின் வெள்ளிவிழாக் கிண்ணம் டாக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. விருந்தோம்பிய தேசம், தான் வைத்த பரிசைத் தானே அடைந்தது ஓரிடத்திலும் இல்லை.

இலங்கையின் சுதந்திரக் கிண்ணமான நிதாஹஸ் கிண்ணத்துக்கும் அதே விதிதான் நேர்ந்தது. 1948 பிப்ரவரி 4இல் விடுதலை பெற்ற அத்தீவு, தன் பொன்விழாவைக் கண்டி மாநகரில் நடத்த எண்ணியிருக்கையில், விழாவுக்குப் பத்தே நாள் முன்னதாக, 1998 ஜனவரி 25இல், புத்தரின் புனித தந்தம் பூஜிக்கப்படும் தலதா மாளிகையின் வாயிலில் விடுதலைப் புலிகளின் வெடிகுண்டு வண்டி வெடித்து உயிர்களைக் குடித்தமையால், பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸ் பங்குகொண்ட அவ்வைபவம் பலத்த காவலோடு கொழும்புக்கு மாற்றப்பட்டது. வன்னியிலோ யுத்தம் உச்சத்திலிருந்தது. வீடிழந்து காடுகளில் தங்கியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பொன்விழாவில் என்ன பங்கிருந்தது என்னும் வினாவை ஒதுக்கிவிட்டு இக்கிண்ணத்தின் சரித்திரத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்தியாவும் நியூஸிலாந்தும் விருந்தினராக வந்த அப்போட்டி, தென்மேற்குப் பருவமழை பொழியும் ஜூன் மாதத்தில் தொடங்கிற்று. காலியில் குறித்த ஆட்டங்களை மழை விழுங்கியது. கொழும்பிலும் வானம் பலமுறை வஞ்சித்தது. ஆயினும் ஜூலை 7ஆம் தேதி பிரேமதாச மைதானத்தில் நிகழ்ந்த இறுதி ஆட்டம், அந்த ஏமாற்றம் அனைத்துக்கும் ஈடு செய்தது. டெண்டுல்கர் 128, கங்குலி 109 என இருவரும் முதல் விக்கெட்டுக்கு 252 ரன்கள் குவித்து அந்நாளில் உலக சாதனை படைக்க, இந்தியா 307 எடுத்தது. எதிர்த்தாடிய இலங்கைக்கு அரவிந்த டி சில்வா 105 ரன்கள் ஈட்டித்தந்தும், அகர்கர் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்த, அவ்வணி 301இல் அடங்கி ஆறே ரன்களில் கிண்ணத்தை இழந்தது.

பின்னர் இருபது ஆண்டுகள் கழிந்து, யுத்தமும் ஓய்ந்தபின், சுதந்திரத்தின் 70ஆம் ஆண்டை முன்னிட்டு 2018 மார்ச்சில் இக்கிண்ணம் இருபது ஓவர் ஆட்டமாக மறுபிறவி எடுத்தது. அதிதிகள் இந்தியாவும் வங்கதேசமும். ஆட்டங்கள் யாவும் பிரேமதாச மைதானத்திலேயே. துரதிர்ஷ்டவசமாக, கண்டிப் பிரதேசத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டு, நாடெங்கும் அவசரநிலை பிரகடனமான மார்ச் 6ஆம் தேதிதான் முதல் ஆட்டமும் நடந்தது. சுதந்திர உற்சவமும் சகோதரக் கலகமும் இரண்டாம் முறையாக ஒரே ஆண்டில் கைகோத்து வந்தது வேதனைக்குரியது.

மார்ச் 16இல் இலங்கையும் வங்கதேசமும் மோதிய ஆட்டத்தில் நடுவர் தீர்ப்பு குறித்துப் பெரும் வாக்குவாதம் மூண்டு, வங்கதேச அணித்தலைவர் தம் ஆட்டக்காரரை வெளியே அழைக்கும் அளவுக்குப் போய், முடிவில் மஹ்மூதுல்லாவின் சிக்ஸரால் இலங்கை வெளியேறியது. ஆகவே, மார்ச் 18இல் இந்தியாவும் வங்கதேசமும் மோதிய இறுதி ஆட்டத்தில் கொழும்பு ரசிகர் பெரும்பாலும் இந்தியாவின் பக்கமே நின்றனர். 167 ரன்கள் வேண்டியிருந்த இந்தியாவுக்குக் கடைசி இரண்டு ஓவர்களில் 34 தேவைப்பட்ட நெருக்கடியில் களம்புகுந்த தினேஷ் கார்த்திக், ரூபெல் ஹொசைனின் ஓவரில் 22 ரன்களை வாரி, இறுதிப் பந்தில் ஐந்து வேண்டுமென்ற நிலையில் சௌம்யா சர்க்காரின் பந்தை எக்ஸ்ட்ரா கவர் திசைக்கு மேலாகச் சிக்ஸருக்கு அனுப்பினார். எட்டுப் பந்துகளில் 29 ரன்கள்! தொடர்நாயகனாகத் தேர்வு பெற்ற பதினெட்டு வயது வாஷிங்டன் சுந்தரும், முந்திய பந்தில் ஆட்டமிழந்து கலங்கி வெளியேறிய விஜய் சங்கரும் கார்த்திக்கைப் போலவே தமிழ்நாட்டவர் என்பதில் நமக்குப் பெருமிதம் உண்டு.

2023இல் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைந்தபோது, முந்திய ஆண்டின் பொருளாதாரப் பேரிடரிலிருந்து அத்தீவு மீளாதிருக்க, நிதாஹஸ் கிண்ணம் நடைபெறவில்லை. இனி ஒருகால் நடத்தப்படுமாயின், கொழும்போடு அது நின்றுவிடலாகாது. 1998இல் கொழும்பும் காலியும், 2018இல் கொழும்பு மட்டுமே அதைக் கண்டன. வடக்கும் கிழக்கும் ஒருமுறையும் காணவில்லை. சென் ஜோன்ஸ் கல்லூரியும் மத்திய கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் யாழ்ப்பாணத்தில் அதன் ஆட்டமொன்றையேனும் வைக்க வேண்டும்.