திருக்காளத்திக் கலங்காரியில் எழுதுகோலும் வண்ணமும்

முன்னுரை

சிலப்பதிகார அரங்கேற்று காதை, ஓவியம் எழுதிய விதானத்தை ஆடரங்கின் உறுப்புகளுள் ஒன்றாகக் கூறுகிறது. அம்மரபோடு ஒப்புநோக்கத்தக்கது திருக்காளத்தியின் கலங்காரி. கண்ணப்பர் வரலாற்றால் தமிழர் அறிந்த பொன்முகலி, தெலுங்கில் சுவர்ணமுகி எனப்படும். அது காளத்தியையும் நாயுடுபேட்டையையும் கடந்து வங்கக் கடலை அடைகிறது. முன்னர்ச் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களில் தனித்தனியே இருந்த இவ்விரு ஊர்களும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கும். கலங்காரியின் பாத்திரப் படைப்பில் கருவியும் சாயமும் பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுதுகோல்

கலம் என்பது மூங்கில் குச்சியின் நுனியைச் சீவி, அதன்மேல் கம்பளியோ துணியோ சுற்றி, நூலால் கட்டியது. சுற்று சாயத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் அழுத்தும் அளவிற்கேற்பக் கோடு தடித்தோ மெலிந்தோ விழும். புறக்கோட்டிற்குக் கூர்நுனியும் நிரப்புதற்கு அகன்ற நுனியும் கொள்வர். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை முன்னரே தோய்ப்பதால், பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் தடுக்கிறது. எனவே கோட்டின் தன்மையை எழுதுகோல் மட்டுமன்றித் துணியின் பக்குவமும் முடிவு செய்கிறது எனலாம்.

வண்ணமும் பாத்திரமும்

இரும்பும் வெல்லமும் நீரில் ஊறிப் புளித்த கரைசல், துணியிலுள்ள கடுக்காய்த் துவர்ப்புடன் கூடிக் கருமையாகும். சிவப்பு வேண்டுமிடத்தில் படிகாரக் கரைசலை எழுதிப் பின் சாயவேர் அல்லது மஞ்சிட்டியுடன் கொதிக்க வைப்பர். எழுதும்போது ஓவியன் அச்சிவப்பைக் காண்பதில்லை; கொதித்த பின்னரே அது தோன்றும். நீலம் அவுரியால் அமையும். மஞ்சளின்மேல் நீலம் படியப் பச்சை பிறக்கும்.

இவ்வண்ணங்களே பாத்திர இலக்கணமாகவும் நிற்கின்றன. இராமன், கண்ணன் முதலிய தெய்வங்களுக்கு நீலமும், பெண்பாத்திரங்களுக்கு மஞ்சளும், அரக்கருக்குச் சிவப்பும் பச்சையும் மரபு. அனுமனும் பச்சை நிறத்தினனே. ஆகவே நிறம் ஒன்றே பாத்திரத்தின் இயல்பை உணர்த்திவிடாது. முகம், அணி, கதைச்சூழல் ஆகியவற்றோடு இயைத்தே அதனைப் பொருள்கொள்ள வேண்டும். ஒளிநிழல் வேறுபாடின்றி வண்ணம் சமமாகப் பரவுவதால், உணர்ச்சியைப் புலப்படுத்தும் பொறுப்பு கோட்டினைச் சார்கிறது.

மறுமலர்ச்சி

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நலிந்த இக்கலை, 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியாலும் காளத்தியில் தோன்றிய பயிற்சி நிலையத்தாலும் மீண்டது. இம்மரபின் ஓவியர் ஜொன்னலகட்டா குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தமிழகத்தில் கருப்பூர்க் கலங்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது.

முடிவுரை

அச்சுத்துணியும் வேதிச்சாயமும் இவ்வுருவங்களை விரைவாகவும் மலிவாகவும் பெருக்க வல்லன. ஆயின் அவற்றில் நிறம் உடனே கிடைத்துவிடுகிறது. விளைவைக் காணுமுன்னரே அதனைக் கணித்து எழுதும் அறிவுக்கு அங்கு இடமில்லை. அவ்வறிவு நூலில் அன்றிக் கைப்பழக்கத்திலேயே வாழ்வது. உருவங்களைக் காட்சியகத்தில் காப்பதோடு அமையாமல், ஓவியர்களின் செய்முறைச் சொற்களையும் அளவுகளையும் தமிழ், தெலுங்கு ஆய்வாளர்கள் இணைந்து பதிவு செய்தல் இன்றியமையாதது.